கடலுக்குள் சென்ற விளக்கு

கடலோடு மனிதன் கொண்ட தொடர்பு மிகத் தொன்மையானது. காற்றின் போக்கையும், நீரோட்டத்தின் திசையையும், விண்மீன்களின் நிலையையும் கண்டு கலம் செலுத்தும் கலையை அவன் பன்னெடுங் காலத்திற்கு முன்பே கற்றுக்கொண்டான். ஆயினும், அவன் பெற்ற அறிவு பெரும்பாலும் கடலின் மேற்பரப்பைப் பற்றியதாகவே இருந்தது. ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழத்தை அளந்தான். வலையை வீசி உயிர்களை மேலே கொணர்ந்தான். அவ்வாழத்தில் என்ன நிகழ்கிறது என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பு மட்டும் அவனுக்குக் கிட்டவில்லை. கடல் ஒளியை விழுங்கிவிடுவதே அதற்குக் காரணம்.

பல ஆண்டுகள் வெளியில் பயணம் செய்து வரும் விண்மீனின் ஒளி நம் கண்ணை வந்து அடைகிறது. கதிரவனின் ஒளியோ கடலுக்குள் ஒரு கிலோமீட்டர் ஆழம் செல்வதற்குள் முற்றிலும் அணைந்துபோகிறது. முதல் சில மீட்டர்களிலேயே செந்நிறம் பெரும்பாலும் மறைகிறது. அடுத்துக் கிச்சிலி நிறமும் மஞ்சளும் மறைகின்றன. தெளிந்த நடுக்கடலில் நீல ஒளியே மிக ஆழம் வரை செல்கிறது. 200 மீட்டருக்குக் கீழே, தாவரம் உணவு தயாரித்துக் கொள்வதற்குப் போதிய வெளிச்சம் இல்லை. 1,000 மீட்டருக்குக் கீழே பகலும் இல்லை, இரவும் இல்லை. என்றும் இருளே நிலவுகிறது.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். கடலின் மேலடுக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தாவரங்கள் கோடி கோடியாக மிதக்கின்றன. இவற்றை மிதவைத் தாவரங்கள் என்பர். உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியை இவையே செய்கின்றன. கரியமில வாயுவை ஏற்றுப் பிராணவாயுவை வெளியிடுகின்றன. சிறு மீன் முதல் திமிங்கலம் வரை கடல்வாழ் உயிர்களுள் மிகப் பெரும்பாலானவை இவற்றை நேராகவோ மறைமுகமாகவோ உண்டே வாழ்கின்றன. ஆகவே, கடலில் ஒளி எவ்வளவு ஆழம் செல்கிறது என்ற வினா, கடலில் எவ்வளவு உயிர் வாழ்கிறது என்ற வினாவோடு பிணைந்தது. இவ்வினாவுக்கு விடை தேடி மனிதன் அடுத்தடுத்துச் செய்த கருவிகளின் வரலாற்றையே இப்பேச்சில் கூற விழைகின்றேன்.

அக்கருவிகளுள் மிக எளியது ஒரு வெள்ளைத் தட்டு. 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், போப்பாண்டவரின் கப்பற்படையைச் சேர்ந்த கப்பல் ஒன்று மத்தியதரைக் கடலில் சென்றுகொண்டிருந்தது. அப்படையின் தலைவரான அலெஸ்ஸாண்ட்ரோ சியால்டி, கடல் நீரின் தெளிவை அளக்க விரும்பினார். அதற்கு உதவுமாறு அவர் அழைத்தது ஒரு வானியல் அறிஞரை. அவர் பெயர் பியெத்ரோ ஆஞ்சலோ செக்கி. ஏசு சபையைச் சேர்ந்த துறவியாகிய அவர், ரோமாபுரி வானாய்வுக் கூடத்தின் தலைவராக இருந்தார். விண்மீன்களின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்து அவற்றை வகைப்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர். வானத்து ஒளியை ஆராய்ந்த அவரே கடலில் ஒளி மறையும் வகையையும் ஆராயப் புகுந்தார்.

அவர் கையாண்ட முறை எளிது. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீர் தெளிவாக இருந்தால் தட்டு மிக ஆழம் வரை தெரியும். சேறோ, மிதவைத் தாவரங்களோ மிகுந்திருந்தால் விரைவில் மறைந்துவிடும். தட்டின் அளவும் நிறமும், சூரியனின் உயரமும், பார்ப்பவர் நிற்கும் இடமும் அளவீட்டை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைச் செக்கி முறையாக ஆராய்ந்து எழுதினார். அத்தட்டு இன்றும் செக்கித் தட்டு என்றே வழங்குகிறது. விலை மலிவு; பழுதாகும் உறுப்பு ஒன்றும் இல்லை; கற்றவரும் மற்றவரும் ஒருங்கே கையாளலாம். இதனால் நூறாண்டுகளுக்கும் மேலாக உலகக் கடல்கள் எங்கும் கப்பல்கள் இத்தட்டை இறக்கிக் கணக்கெடுத்து வந்தன.

இவ்வரலாற்றின் அடுத்த படியில் தமிழ்நாட்டில் பிறந்த ஓர் அறிஞரைக் காண்கின்றோம். திருச்சிராப்பள்ளியில் 1888-ஆம் ஆண்டில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், 1921-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று 'நார்குண்டா' என்னும் கப்பலில் தாயகம் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீல நிறம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்த நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது இராலே பிரபுவின் கருத்து. பெரும் புகழ் வாய்ந்த அவ்வறிஞரின் சொல்லை உலகம் ஏற்றுக்கொண்டிருந்தது. ராமனோ அதைச் சோதித்துப் பார்க்க எண்ணினார். நிக்கோல் பட்டகம் என்னும் சிறிய கருவி அவரிடம் இருந்தது. அதைத் தக்க கோணத்தில் பிடித்து நோக்கினால், நீரின் மேற்பரப்பிலிருந்து பிரதிபலித்து வரும் ஒளி தடுக்கப்பட்டுவிடும். அவ்வாறு தடுத்த பின்னும் கடலின் நீலம் மறையவில்லை. முன்னிலும் செறிவாகத் தோன்றிற்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று ராமன் முடிவு செய்தார். அதனை விளக்கும் அவருடைய கடிதம் அவ்வாண்டிலேயே 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஒளிச்சிதறலைப் பற்றிய அவர் ஆராய்ச்சி மேலும் வளர்ந்து, 1928-ஆம் ஆண்டில் ராமன் விளைவாக மலர்ந்து, 1930-இல் நோபெல் பரிசை ஈட்டித் தந்தது.

நீர் செந்நிற ஒளியை உட்கவர்வதும் நீலத்திற்குக் காரணம் என்பதை இன்று அறிவோம். ஆயினும் ராமன் கண்ட உண்மை நம் வரலாற்றுக்கு இன்றியமையாதது. கடலுக்குள் சென்று திரும்பி வரும் ஒளி, அந்த நீரைப் பற்றிய செய்தியைத் தாங்கி வருகிறது. அச்செய்தியைப் படிக்கக் கற்றுக்கொண்டால், நீரைத் தொடாமலே நீரைப் பற்றி அறியலாம். இக்கருத்து எங்கே கொண்டு சென்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மேலிருந்து நோக்குவதோடு மனிதன் நிறைவடையவில்லை. விளக்கை ஏந்திக் கீழே செல்லவும் முற்பட்டான். பிரெஞ்சு அறிஞர் லூயி பூட்டான், 1893-ஆம் ஆண்டில் பன்யூல்ஸ் கடற்கரையில் நீருக்குள் இறங்கிப் புகைப்படம் எடுத்தார். வெளிச்சம் போதாத இடத்திற்கென ஒரு விளக்கையும் அமைத்தார். பீப்பாயின் மேல் சாராய விளக்கை ஏற்றி, அதன் சுடரில் மக்னீசியப் பொடியை ஊதிப் பளிச்சென்ற ஒளியை உண்டாக்கினார். பிறகு, வில்லியம் பீபி என்னும் அமெரிக்க இயற்கை அறிஞரும் ஓட்டிஸ் பார்ட்டன் என்னும் பொறியியலாளரும் எஃகுக் கோளம் ஒன்றினுள் அமர்ந்து, பெர்முடாத் தீவின் அருகே 1930-ஆம் ஆண்டிலிருந்து பலமுறை ஆழ்கடலில் இறங்கினர். 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அவர்கள் 923 மீட்டர் ஆழத்தை அடைந்தனர். நிறமாலைக் கருவி ஒன்றையும் பீபி உடன் கொண்டு சென்று, நிறங்கள் ஒவ்வொன்றாக மறைவதைத் தம் கண்ணாலேயே கண்டார். 1932-ஆம் ஆண்டில், கடலுக்குள்ளிருந்து அவர் பேசிய பேச்சை வானொலி நேரடியாக ஒலிபரப்பிற்று என்பது வானொலி நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

இம்முயற்சிகள் வீரம் செறிந்தவை. ஆனால், அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 2,500 மீட்டர் ஆழத்தில் அது மேற்பரப்பில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 250 மடங்காகும். அத்தகைய இடத்திற்கு மனிதனை அனுப்புவது பெருஞ்செலவும் பேரிடரும் உடையது. சில மணி நேரமே அவன் அங்குத் தங்கவும் இயலும். எனவே, மனிதனுக்கு முன்னால் யந்திரத்தை அனுப்பும் முறை தோன்றிற்று.

1977-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் காலப்பகோஸ் தீவுகளின் அருகே இம்முறை அரியதொரு பயனைத் தந்தது. 'ஆங்கஸ்' என்னும் ஆளில்லாச் சட்டகத்தில் புகைப்படக் கருவிகளையும் மின்னொளி விளக்குகளையும் பொருத்திக் கம்பி வடத்தில் தொங்கவிட்டு, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் கப்பல் இழுத்துச் சென்றது. அது எடுத்த படங்கள் ஏறக்குறைய 3,000. பெரும்பாலானவற்றில் வெறும் எரிமலைப் பாறையே காணப்பட்டது. ஓரிடத்தில் நீரின் வெப்பம் சிறிது உயர்ந்தது. அந்நேரத்தில் பதிந்த 13 படங்களில் மட்டும் சிப்பிகள் கூட்டங்கூட்டமாகத் தென்பட்டன. அவ்விடத்தை நோக்கி 'ஆல்வின்' என்னும் நீர்மூழ்கியில் அறிஞர்கள் இறங்கினர். பாறைப் பிளவுகளிலிருந்து வெந்நீர் பீறிட்டெழுவதையும், அதனைச் சூழ்ந்து உயிர்கள் செழித்திருப்பதையும் கண்டனர். அவ்வுயிர்க் கூட்டத்தின் உணவுக்கு ஆதாரம் சூரிய ஒளி அன்று. வெந்நீரில் கலந்து வரும் வேதிப்பொருள்களிலிருந்து ஆற்றல் பெறும் நுண்ணுயிர்களே. ஒளி எட்டாத இடத்தில் உயிர் செழிக்காது என்ற எண்ணத்தை, யந்திரம் ஏந்திச் சென்ற விளக்கு மாற்றிவிட்டது.

அதற்கு அடுத்த ஆண்டே மற்றொரு கண் விண்வெளியில் திறந்தது. 1978-ஆம் ஆண்டு அக்டோபரில் ஏவப்பட்ட 'நிம்பஸ் 7' என்னும் செயற்கைக் கோளில் கடலின் நிறத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. மிதவைத் தாவரங்களிலுள்ள பச்சையம் நீல ஒளியை உட்கவர்கிறது. ஆகவே, அவை மிகுந்த நீர் பசுமையாகவும், குறைந்த நீர் நீலமாகவும் தோன்றும். இந்நிற வேறுபாட்டைக் கொண்டு, கடலில் எங்கெங்கே எவ்வளவு பச்சையம் உள்ளது என்று கணக்கிடலாம். ராமன் கப்பலின் தளத்தில் நின்று படித்த ஒளியை இக்கருவி விண்ணிலிருந்து படித்தது எனலாம். இது எளிய செயலன்று. கருவியை வந்தடையும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காற்றுமண்டலத்திலிருந்து வருவது; எஞ்சிய சிறு பங்கே கடலின் செய்தி. அதைப் பிரித்தெடுக்கும் கணக்கு முறையை அறிஞர்கள் வகுத்தனர். இந்தியாவும் 1999-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் 'ஓஷன்சாட் 1' என்னும் கோளை இத்தகைய கருவியுடன் ஏவிற்று. கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் ஒப்பிட்டு, மீன் கூடக்கூடிய இடங்களை ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீனவர்க்கு அறிவித்து வருகிறது. வீணே அலைந்து எரிபொருளைச் செலவிடாமல் படகைச் செலுத்த இது துணைபுரிகிறது.

செயற்கைக் கோளின் கண்ணுக்கும் குறைகள் உண்டு. மேகம் மூடினால் அதற்குப் பார்வை இல்லை. சூரிய ஒளியை நம்பியிருப்பதால் இரவிலும், துருவப் பகுதியின் நெடிய குளிர்காலத்திலும் அது பயன்படாது. 2006 முதல் 2023 வரை இயங்கிய 'கலிப்சோ' என்னும் கோள், மேகங்களை ஆராய்வதற்காகத் தானே லேசர் ஒளியைக் கீழே அனுப்பிற்று. அவ்வொளி கடலிலிருந்து திரும்பியதைக் கொண்டு இரவிலும் மிதவைத் தாவரங்களை அளக்கலாம் என்பது பின்னர்த் தெரிந்தது. ஆயினும், எந்தக் கோளும் கடலின் மேலடுக்கை மட்டுமே காண வல்லது. அதற்குக் கீழே நிகழ்வதை அறிய, விளக்கைச் சுமந்து நீருக்குள் நீண்ட காலம் உலவும் யந்திரம் தேவைப்பட்டது.

அத்தகைய யந்திரத்தை முன்கூட்டியே மனக்கண்ணால் கண்டவர் ஹென்றி ஸ்டொம்மல் என்னும் அமெரிக்கக் கடலியல் அறிஞர். 1989-ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அது 2021-ஆம் ஆண்டில் ஒருவர் பின்னோக்கிப் பார்த்து எழுதுவதைப்போல் அமைந்தது. சிறிய ரோபோ யந்திரங்கள் உலகக் கடல்கள் எங்கும் தாமே இறங்கியும் ஏறியும் அளவெடுத்துச் செய்தி அனுப்புவதாக அதில் அவர் வருணித்தார். தனியொருவராகப் பாய்மரக் கப்பலில் 1895 முதல் 1898 வரை உலகைச் சுற்றி வந்த ஜோஷுவா ஸ்லோக்கம் என்பவரின் பெயரையே அந்த யந்திரங்களுக்குச் சூட்டினார். டக்ளஸ் வெப் என்னும் பொறியியலாளர் அக்கனவுக்கு உருக்கொடுத்தார்.

இந்த யந்திரத்திற்கு உந்தும் விசிறி தேவையில்லை. தன் பருமனைச் சிறிதளவு குறைத்தால் அது நீரில் அமிழ்கிறது, கூட்டினால் எழுகிறது. பக்கங்களிலுள்ள சிறகுகள் அந்த ஏற்ற இறக்கத்தை முன்னோக்கிய பயணமாக மாற்றுகின்றன. சிறகசைக்காமல் வானில் சறுக்கிச் செல்லும் பருந்தை இதற்கு ஒப்பிடலாம். வேகம் மிகக் குறைவு. மனிதன் நடக்கும் வேகத்தைவிடவும் குறைவு. ஆனால் செலவாகும் மின்சாரமும் குறைவாதலின், பல மாதங்கள் தொடர்ந்து இயங்கும். வானொலி அலைகள் கடல் நீரை ஊடுருவா. எனவே, அவ்வப்போது மேலே வந்து செயற்கைக் கோளின் வாயிலாகச் செய்தி அனுப்பும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் அனுப்பிய இத்தகைய யந்திரம் ஒன்று, 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் நியூ ஜெர்சிக் கரையிலிருந்து புறப்பட்டது. 221 நாள்களில் ஏறத்தாழ 7,400 கிலோமீட்டர் கடந்து, டிசம்பர் 4-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டுக் கரையின் அருகே வந்து சேர்ந்தது. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் நீரடி ரோபோ அதுவே.

இதனோடு உடன்பிறந்தது போன்றது 'ஆர்கோ' மிதவை. இது 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்து செல்லும். பத்து நாள்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வழிநெடுக அளவெடுத்துக்கொண்டே மேலே வரும். இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் சேர்ந்து நடத்தும் இத்திட்டத்தில், 2007-ஆம் ஆண்டில் மிதவைகளின் தொகை 3,000-ஐ எட்டியது. முதலில் இவை வெப்பத்தையும் உப்பின் அளவையுமே அளந்தன. பின்னர், உயிர்களின் நிலையை அறியும் கருவிகளையும் சில மிதவைகளில் பொருத்தினர்.

அதன் பயனை 2001-ஆம் ஆண்டில் ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், ஜேம்ஸ் பிஷப் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் வட பசிபிக் கடலில் இரண்டு மிதவைகளை விட்டனர். அவற்றிலிருந்த கருவிகள், நீரினூடே செல்லும் ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதைக் கொண்டு உயிர்ப்பொருளின் அளவைக் கணக்கிட்டன. சில நாள்களில் கோபிப் பாலைவனத்துப் புழுதி பெரும் மேகமாக அக்கடலைக் கடந்து சென்றது. அப்புழுதியில் இரும்புச் சத்து உண்டு. அடுத்த இரு வாரங்களில் மேலடுக்கின் உயிர்ப்பொருள் ஏறக்குறைய இருமடங்காயிற்று. பாலைவனத்து மண் கடலுக்கு உரமாவதை, ஆளில்லாத கடலில் இரண்டு யந்திரங்கள் சான்றாக நின்று பதிவு செய்தன.

இன்று உயிர்வேதியல் மிதவைகள் எனப்படுபவை, அடிப்படை அளவுகளோடு மேலும் ஆறு செய்திகளை அளக்குமாறு வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் நீரின் அமிலத்தன்மை ஒன்று நீங்கலாக, மற்ற ஐந்தும் ஒளியாலேயே அளக்கப்படுகின்றன. நீல ஒளியைப் பாய்ச்சினால் பச்சையம் செந்நிறமாக ஒளிர்கிறது. அதனால் தாவரத்தின் அளவு தெரிகிறது. துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியால் அவற்றின் அளவு தெரிகிறது. புற ஊதா ஒளியை நைட்ரேட் உப்பு உட்கவர்வதால் கடலின் உரம் தெரிகிறது. சாயப் பூச்சு ஒன்றின் ஒளிர்வைப் பிராணவாயு மங்கச் செய்வதால் அவ்வாயுவின் அளவு தெரிகிறது. மேலிருந்து இறங்கி வரும் சூரிய ஒளியின் அளவு ஐந்தாவது. ஒளியை விழுங்கும் கடலை, அது விழுங்கும் ஒளியைக் கொண்டே அறிகின்றோம்.

இந்த அறிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இரண்டு சான்றுகள் கூறலாம். அரபிக் கடலின் நடு ஆழத்தில் பிராணவாயு மிகவும் குறைந்த நீரடுக்கு ஒன்று பரந்து கிடக்கிறது. அங்கே மீன் வாழ இயலாது. கடற்கொள்ளையர் அச்சத்தாலும் அரசியல் நெருக்கடிகளாலும் ஓமன் வளைகுடாவில் ஆராய்ச்சிக் கப்பல்கள் நெடுங்காலம் செல்லவில்லை. பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகமும் ஓமனின் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சறுக்கிச் செல்லும் ரோபோக்களை அங்கே அனுப்பின. பிராணவாயு முன்பு எண்ணியதைவிட மிகக் கடுமையாகக் குறைந்துள்ளது என்பதும், ஸ்காட்லாந்து நாட்டைவிடப் பெரிய பரப்பில் அது அநேகமாக இல்லை என்பதும் 2018-ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய ஆய்வால் தெரியவந்தன. அரபிக் கடலின் மீனை நம்பி வாழும் மக்கள் இந்தியாவின் மேற்குக் கரையிலும் இருக்கின்றனர். மனிதன் செல்ல இயலாத ஆண்டுகளில் கடல் மாறாமல் காத்திருக்கவில்லை.

மற்றொரு சான்று செக்கியின் வெள்ளைத் தட்டைப் பற்றியது. 2010-ஆம் ஆண்டில், கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்து அறிஞர்கள் பழைய தட்டு அளவீடுகளையும் பிற பச்சைய அளவீடுகளையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். உலகக் கடல்களின் மிதவைத் தாவரம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்து வருவதாக அவர்கள் அறிவித்தனர். அச்செய்தி உலகைத் திடுக்கிடச் செய்தது. அடுத்த ஆண்டே வேறு அறிஞர்கள் மறுப்புரைத்தனர். முற்காலத்தில் தட்டினாலும் பிற்காலத்தில் வேறு முறைகளாலும் எடுத்த அளவுகளைக் கலந்ததால், இல்லாத குறைவு இருப்பதாகத் தோன்றியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். கடலின் பசுமை குறைகிறதா என்பது உலகின் உணவையும் காற்றையும் பற்றிய வினா. அத்தகைய வினாவுக்கு விடை கூறும்போது, நூறாண்டுகளுக்கு முன் ஒரு மாலுமி தட்டை இறக்கி நேர்மையாகக் குறித்து வைத்த எண்ணும் வழக்கில் சாட்சியாக வந்து நிற்கிறது. ஒரே முறையில், இடைவிடாமல், பல்லாண்டுகள் எடுக்கப்படும் அளவே தீர்ப்பு வழங்க வல்லது.

ரோபோ மிதவைகளின் அருமை இங்கேதான் விளங்கும். அவை புயலுக்கு அஞ்சுவதில்லை, விடுமுறை கேட்பதில்லை. ஆயினும் அவற்றுக்கும் ஆயுள் உண்டு. சில ஆண்டுகளில் மின்கலம் தீர்ந்து அவை அடங்கிவிடும். பழையவை அடங்குந்தோறும் புதியவற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாடுகள் ஒன்றுகூடிப் பொருள் ஒதுக்காவிடில் கணக்கேட்டில் இடைவெளி விழும். அந்த இடைவெளியைப் பின்னர் எவராலும் நிரப்ப முடியாது.

மாணவர்கள் இதில் பங்கு கொள்ள ரோபோவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு முழத்திற்கும் குறைவான விட்டமுடைய தகரத் தட்டும், சிறிது வெள்ளை வர்ணமும், அளவு குறித்த கயிறும் இருந்தால் செக்கியின் கருவியை எந்தப் பள்ளியிலும் செய்துகொள்ளலாம். ஆசிரியர் துணையோடு ஏரியிலோ துறைமுகத்திலோ அதை இறக்கி, நாளையும் நேரத்தையும் ஆழத்தையும் குறித்து வைக்கலாம். மழைக்கு முன்னும் பின்னும், கோடையிலும் குளிர்காலத்திலும், ஆண்டுதோறும் ஒரே இடத்தில் தவறாமல் குறித்து வருவீர்களானால், அவ்வேடு உங்கள் ஊர் நீரின் வரலாறாகும். பின்னர் வருவோர் அதைப் புரட்டிப் பார்த்துப் பயன் பெறுவர்.